லாமாக்களுடன் இளையோர் மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்வயதினரை லாமாக்களுடன் காட்டுக்கும் மலைக்கும் பல நாள் நடைப்பயணமாக அழைத்துச் செல்பவரிடம் பெற்றோரும் ஆசிரியர்களும், வழிநடத்துநராகப் புதிதாகச் சேர்பவர்களும், பயணத்துக்கு வரும் பிள்ளைகளும் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பிந்தைய விடைகள் முந்தையவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

லாமா என்பது ஆட்டினமா, ஒட்டக இனமா?

ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் திமில் கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் குவானாக்கோ என்னும் காட்டு விலங்கைப் பழக்கி, நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் உருவாக்கிய வளர்ப்பு விலங்கு இது. இன்கா பேரரசின் மலைச்சாலைகளில் சரக்கு போனது மனிதர் முதுகிலும் லாமாவின் முதுகிலும்தான். வளர்ந்த லாமா ஏறத்தாழ 130 முதல் 200 கிலோ வரை எடை இருக்கும். தலையை நிமிர்த்தி நின்றால் ஓர் ஆளின் உயரம் வரும். மூன்று அறைகள் கொண்ட வயிறு, அசைபோடும் பழக்கம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டு ஆயுள். அல்பாக்கா இதன் சிறிய உறவினம். அது ரோமத்துக்காக வளர்க்கப்படுவது, சுமைக்கு ஏற்றதன்று.

குதிரையும் கோவேறு கழுதையும் இருக்கும்போது லாமா எதற்கு?

முதற்காரணம் அளவு. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி லாமாவின் பக்கத்தில் நின்று, அதன் முதுகில் சேணத்தைத் தானே வைத்து, வயிற்றுப் பட்டையைத் தானே இறுக்கிவிட முடியும். ஒரு பெரிய குதிரையிடம் அதே சிறுமி பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் உதவியாளாகவே இருப்பாள். பிள்ளைகளே விலங்கைப் பராமரிக்க வேண்டும் என்பதுதான் இத்தகைய பயணத்தின் உயிர்நாடி என்பதால், இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டாவது காரணம் பாதம். லாமாவுக்குக் கடினமான குளம்பு கிடையாது. இரண்டு விரல்களும், அவற்றின் கீழே தோல் போர்த்த மெத்தென்ற அடிப்பகுதியும் உண்டு. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்துக் காட்டுப் பாதைகளில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைகள் நடந்த பாதையில்தான் மண் அதிகம் பெயர்ந்தது. லாமாக்கள் ஏற்படுத்திய பாதிப்பு மனிதர் நடந்ததை ஒத்திருந்தது. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில், வண்டி போகாத லெகான்ட் மலைவிடுதிக்கு 1986 முதல் லாமாக்கள் பொருள்களைச் சுமந்து செல்வதற்கும் பாதை சேதம் குறைவு என்பதே காரணம். ஆனால் கோவேறு கழுதை தூக்கும் சுமையில் பாதியைக்கூட லாமா தூக்காது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரு லாமா எத்தனை கிலோ சுமக்கும்?

நல்ல உடற்பயிற்சி பெற்ற, முழுமையாக வளர்ந்த லாமா தன் எடையில் கால் பங்கு வரை சுமக்கும் என்பது பொதுவான கணக்கு. இளையோர் பயணங்களில் நான் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. 150 கிலோ லாமாவுக்குச் சேணத்தையும் சேர்த்து 30 கிலோ. மூன்றரை அல்லது நான்கு வயதுக்கு முன்னால் எலும்பு முற்றாது என்பதால், அதுவரை வெறும் சேணத்தோடோ மிகக் குறைந்த பாரத்தோடோ நடக்கப் பழக்கினால் போதும். ஒரு நாளைக்கு 8 முதல் 13 கிலோமீட்டர் என்பது பிள்ளைகளுக்கும் பொருந்தும் தூரம்.

மொத்த எடையைவிட முக்கியமானது இருபக்கச் சமநிலை. ஒவ்வொரு காலையும் இரண்டு பக்கப் பைகளையும் கைத்தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொருள்களை மாற்றி அடுக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டி ஒன்றை நடுவழியில் ஒரு பக்கத்திலிருந்து எடுத்துக் குடித்துவிட்டாலே சேணம் மெல்லச் சரியத் தொடங்கிவிடும். இந்த நிறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். அதைப் போலக் கவனமாக அவர்கள் செய்யும் வேறு வேலை குறைவு.

குழந்தைகள் அதன் மேல் ஏறிச் சவாரி செய்யலாமா?

கூடாது. லாமாவின் முதுகு அதற்கானதன்று. இதிலிருந்து பெற்றோர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று பிறக்கிறது: கால் பிசகிய பிள்ளையை எப்படிக் கீழே இறக்குவீர்கள்? லாமாவால் அந்த உதவி கிடைக்காது என்பதால், செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி, காட்டு முதலுதவிப் பயிற்சி பெற்ற குறைந்தது இரண்டு பெரியவர்கள், எந்த இடத்திலிருந்து எந்த வழியாக வெளியேறுவது என்ற எழுதப்பட்ட திட்டம் ஆகிய மூன்றும் இல்லாத குழுவோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

லாமா முகத்தில் துப்பும் என்கிறார்களே, உண்மையா?

துப்பும், ஆனால் பெரும்பாலும் இன்னொரு லாமாவின் மேல். தீனியில் பங்குக்கு வருவதைத் தடுக்கவும், கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்பதை உணர்த்தவும், விருப்பமற்ற நெருக்கத்தை விலக்கவும் அது துப்புகிறது. துப்புவதற்கு முன் காதுகளைப் பின்னால் படிய வைத்து, மூக்கை மேலே தூக்கும். அந்த இரண்டையும் பார்த்தவுடன் ஓர் அடி பின்வாங்கினால் அநேகமாக அத்தோடு முடிந்துவிடும். தீனி கொடுக்கும் நேரத்தில் இரண்டு லாமாக்களுக்கு நடுவில் நிற்காமல் இருப்பதே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம்.

என் மகனுக்கு நாயைக் கண்டாலே பயம். அவனை அனுப்பலாமா?

அனுப்பலாம், பல வேளைகளில் லாமா அவனுக்கு எளிதாகவே இருக்கும். நாய் தானாக ஓடிவந்து முகர்ந்து, தாவி, நக்கும். லாமா தானாக வந்து மேலே விழாது. ஒதுங்கி நின்று, காதை முன்னால் நீட்டி, வந்திருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நெருங்கும் வேகத்தைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளலாம் என்பதால் அச்சமுள்ளவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

முதல் நாள் அவன் கயிற்றைப் பிடிக்க வேண்டியதில்லை. கயிறு பிடித்து நடப்பவருக்கு இரண்டு அடி தள்ளி நடக்கட்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகட்டும். பயம் போக வேண்டும் என்று அவசரப்படுத்தும் பெரியவர்தான் பெரும்பாலும் தடையாகிறார்.

படங்களில் எல்லாரும் லாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அப்படிக் கொஞ்சலாமா?

பெரும்பாலான லாமாக்களுக்கு அது பிடிக்காது. குறிப்பாகத் தலையையும் கால்களையும் தொடுவதை அவை விரும்புவதில்லை. கழுத்தின் அடிப்பகுதியிலும் தோளிலும் புறங்கையால் மெல்லத் தொடுவதையே ஏற்கும். ஆகவே எங்கள் விதி இது: இரண்டு எட்டு தூரத்தில் நின்று காத்திருக்க வேண்டும், லாமா மூக்கை நீட்டி முகர்ந்தால் தொடலாம், தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த விதியைச் சிறிய ஒழுங்காக நினைக்க வேண்டாம். இந்தப் பயணங்களால் இளையோருக்கு ஏதேனும் நன்மை விளைகிறதென்றால் அது பெருமளவு இங்கிருந்தே விளைகிறது என்பது என் உறுதியான கருத்து. தன் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை என்ற மனக்குறையோடு வரும் பிள்ளை, ஒரு விலங்கு வாய்திறவாமல் ‘வேண்டாம்’ என்று தெரிவிப்பதையும், அங்கிருக்கும் பெரியவர்கள் அதை மதித்து விலகுவதையும் கண்ணெதிரே பார்க்கிறது. அதே பெரியவர்களிடம் தானும் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்க்கும் துணிவு சில நாள்களில் அதற்கு வருகிறது. விலங்கின் மறுப்பை மீறிவிட்டு, பிள்ளையிடம் நம்பிக்கையை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

முகக்கயிறு கட்டுவதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? தளர்வாக இருந்தால் அதற்கு வசதிதானே?

இது கயிறு பிடிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது. லாமா ஏறக்குறைய முழுவதும் மூக்கின் வழியாகவே மூச்சுவிடும். அதன் மூக்கெலும்பு கண்ணுக்கு முன்னால் சிறிது தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் முனை வரை வெறும் குருத்தெலும்புதான். கண்ணுக்கு அருகே எலும்பின் மேல் இருக்க வேண்டிய மூக்குப்பட்டை, கழுத்துப்பட்டை தளர்ந்திருப்பதால் முன்னால் வழுக்கி வந்தால், கயிற்றை இழுக்கும்போதெல்லாம் அந்த மென்மையான பகுதி அமுங்கி மூச்சு அடைபடும். லாமா தலையை உதறும், பின்னால் இழுக்கும், சில வேளை முன்னங்கால்களைத் தூக்கும். பார்ப்பவர்கள் அதை முரட்டுத்தனம் என்பார்கள். உண்மையில் அது மூச்சுக்குத் தவிக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் இப்படிக் காட்டுவேன்: ஒரு விரலால் கண்ணின் கீழிருந்து மூக்கின் மேலாக மெல்லத் தடவிச் செல்லச் சொல்வேன், எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடம் விரலுக்கே தெரியும். பட்டை அந்த இடத்துக்கு நன்றாகப் பின்னால், கண்ணிலிருந்து ஏறத்தாழ இரண்டு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும். காதுகளுக்குப் பின்னால் போகும் பட்டை இறுக்கமாகவும், மூக்கைச் சுற்றிய வளையம் வாயைத் திறந்து அசைபோடும் அளவுக்கு அகலமாகவும் இருக்க வேண்டும்.

நடுவழியில் லாமா கால்களை மடக்கிப் படுத்துவிட்டால் இழுத்து எழுப்பலாமா?

இழுக்கும் முன் தேட வேண்டும். முதலில் சுமையை இறக்கிவிட்டு, பக்கப் பைகள் சரிந்திருக்கின்றனவா, பட்டை எங்காவது உராய்கிறதா, பாதத்தில் கல்லோ முள்ளோ குத்தியிருக்கிறதா, முந்தைய விடையில் சொன்ன மூக்குப்பட்டை வழுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிழலும் தண்ணீரும் கொடுத்துக் காத்திருங்கள். பத்தில் எட்டு முறை காரணம் சுமையிலோ களைப்பிலோ இருக்கும் என்பது என் அனுபவம்.

எந்தக் காரணமும் தென்படாமல், சுமை இறக்கியும் எழாமல், அசைபோடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் வயிற்றுவலியாக இருக்கலாம். அப்போது அன்றைய திட்டத்தைக் கைவிட்டுக் கால்நடை மருத்துவரைத் தொடர்புகொள்வதே வழி. லாமாக்கள் நோயை வெகுநேரம் மறைக்கும் இயல்புடையவை. வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆண் குட்டி மிகவும் சாதுவாக இருக்கிறது. அதையே பழக்கலாம் அல்லவா?

தயவுசெய்து வேண்டாம். மற்ற லாமாக்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, மனிதர் கையிலேயே வளரும் ஆண் குட்டி, மனிதரைத் தன் இனமாகவே எண்ணிவிடும். குட்டியில் அது ஓடிவந்து உரசுவது அழகாக இருக்கும். பருவம் வந்ததும் மனிதரைப் போட்டியாளராகக் கருதி மார்பால் மோதவும் கடிக்கவும் தொடங்கும். ஆண்களுக்கு மூன்று வயதை ஒட்டி முளைக்கும் கூரிய சண்டைப் பற்கள் இந்த ஆபத்தைக் கூட்டும். அவற்றைக் கால்நடை மருத்துவர் மழுக்கிவிடுவது வழக்கம்.

இளையோர் பயணத்துக்குப் பொருத்தமானது தாயோடும் கூட்டத்தோடும் வளர்ந்து, காயடிக்கப்பட்டு, ஐந்து வயதைக் கடந்த, மனிதரிடம் சற்று ஒதுங்கியே நிற்கும் ஆண் லாமா. பார்த்தவுடன் உங்கள் மார்பில் வந்து இடிப்பதைவிட, உங்களை அளந்து பார்த்துவிட்டு நிதானமாக அருகில் வருவதையே தேர்ந்தெடுங்கள்.

ஒரே ஒரு லாமாவோடு தொடங்கலாமா?

முடியாது. லாமா கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக அழைத்துப் போனால் ஓயாமல் முனகிக்கொண்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டும் வரும். குறைந்தது இரண்டு வேண்டும். மூன்றாக இருந்தால் ஒன்றுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

காட்டில் அதற்குத் தனியாகத் தீனி கொண்டுபோக வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. லாமா தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீனி அளவுக்கு ஒரு நாளைக்குத் தின்னும். புல், தழை, புதர் எல்லாவற்றையும் கடிக்கும். மேய்ச்சல் போதுமான இடத்தில் ஒரே தரையில் கட்டிப் போடாமல் இரண்டு மூன்று முறை இடம் மாற்றினால் புல்தரை தேயாது. மேய்ச்சல் இல்லாத இடத்துக்குத் தீனி கொண்டுசெல்ல வேண்டும்; அமெரிக்க மேற்கு மாநிலங்களின் பொதுக்காடுகள் பலவற்றில், களை விதை கலவாதது என்று சான்று பெற்ற வைக்கோலை மட்டுமே அனுமதிப்பார்கள்.

நச்சுச் செடிகளை வழிநடத்துநர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ரோடோடென்ட்ரான், அரளி, யூ மரம் ஆகியவை கொஞ்சம் தின்றாலே உயிருக்கு ஆபத்து. நடக்கும்போது எட்டிக் கடிக்க விடாமல், நிறுத்தத்தில் நீங்கள் பார்த்துத் தேர்ந்த இடத்தில் மட்டும் மேயவிடும் பழக்கம் இதற்காகத்தான். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கட்ட வேண்டும். லாமாக்கள் ஒரே இடத்தில் புழுக்கை போடும் வழக்கமுள்ளவை என்பதால் புறப்படும்போது அதைப் பரப்பிவிடுவது எளிது.

வெயில் தாங்குமா?

குளிரைவிட வெயிலே அதற்கு எதிரி. உயர்மலைக்கு ஏற்ற உடல் என்பதால் உயரத்தில் அதன் மூச்சு எளிதில் தடுமாறாது. ஆனால் அடர்ந்த ரோமத்தோடு புழுக்கமான பள்ளத்தாக்கில் சுமை தூக்கினால் துவண்டுவிடும். கோடைக்கு முன் உடலின் நடுப்பகுதியிலாவது ரோமம் கத்தரிக்க வேண்டும். அடிவயிற்றிலும் தொடை உட்புறத்திலும் ரோமம் குறைவு. உடல் வெப்பம் வெளியேறும் வழி அதுதான். ஆகவே குளிர்விக்கத் தண்ணீரை வயிற்றுக்குக் கீழும் கால்களிலும் ஊற்ற வேண்டும். முதுகில் ஊற்றினால் நனைந்த ரோமம் வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். இயல்பான உடல் வெப்பம் 37.5 முதல் 38.9 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டினால் அவசரநிலை.

எல்லாக் காட்டுக்கும் லாமாவைக் கூட்டிப் போக அனுமதி உண்டா? நோய் பரவாதா?

ஒவ்வொரு இடத்துக்கும் விதி வேறு. பொதி விலங்குகளைப் பாதை வாரியாக அனுமதிக்கும் பூங்காக்களும், வளர்ப்பு விலங்கின் நோய் காட்டு மலையாடுகளுக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சத்தால் லாமாவை அறவே தடுக்கும் பகுதிகளும் உண்டு. அந்த அச்சம் மிகையானது என்று லாமா வளர்ப்போர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். என்றாலும் காட்டு விலங்கின் பக்கம் ஐயத்தின் பயனைக் கொடுத்து, தடையுள்ள இடத்தைத் தவிர்ப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. மனிதருக்குப் படர்தாமரை, சில குடல் தொற்றுகள் போன்றவை வரக்கூடும் என்பதால் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இத்தகைய பயணத்தைச் சிகிச்சை என்கிறார்களே, இது உண்மையில் சிகிச்சையா, இல்லை வெறும் சுற்றுலாவுக்கு வைத்த பெயரா?

இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய கடமை நடத்துபவருக்கு உண்டு. உரிமம் பெற்ற உளவியல் வல்லுநர் ஒருவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிக்கோள் வகுத்து, அதை அளந்து, பதிவு செய்து நடத்தினால் மட்டுமே அது சிகிச்சை. அப்படி ஒருவர் இல்லாதபோது அது நன்மை தரும் அனுபவம். அதற்கே போதிய மதிப்பு உண்டு, ஆனால் சிகிச்சை என்று விற்கக் கூடாது. மருந்து உட்கொள்ளும் பிள்ளை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட வரலாறுள்ள பிள்ளை ஆகியோரை இரண்டாம் வகைப் பயணத்தில் சேர்ப்பதற்கு முன் அவர்களுடைய மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம்.

விலங்குக்கும் மதிப்பீடு வேண்டும். 1977இல் தொடங்கி இப்போது பெட் பார்ட்னர்ஸ் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க அமைப்பு, நாய் பூனைகளோடு லாமாவையும் அல்பாக்காவையும் சிகிச்சை விலங்குகளாக மதிப்பிட்டுப் பதிவு செய்கிறது. சிகிச்சை விலங்கு வேறு, மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவப் பயிற்றுவிக்கப்பட்ட சேவை விலங்கு வேறு. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேவை விலங்கு என்பது நாய் மட்டுமே. சிறு குதிரைக்குத் தனி ஏற்பாடு உண்டு. பதிவுச் சான்றைக் காட்டி எங்கும் லாமாவோடு நுழையலாம் என்று எண்ண வேண்டாம்.

என் மகள் வரவே மாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தி அனுப்பினால் அங்கே வந்து சரியாகிவிடுவாள் அல்லவா?

நான் அப்படி வரும் பிள்ளையை ஏற்பதில்லை. இளையோரைக் கட்டாயமாகக் காட்டுக்குக் கொண்டுசென்று திருத்துவதாகச் சொல்லிய திட்டங்களுக்கு வேதனையான வரலாறு இருக்கிறது. அவற்றில் நிகழ்ந்த கொடுமைகளையும் இளையோர் உயிரிழந்த நிகழ்வுகளையும் அமெரிக்க அரசின் பொறுப்புத் தணிக்கை அலுவலகம் 2007இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. நோயைச் சொன்ன பிள்ளையை நடிக்கிறது என்று தள்ளியது, தண்ணீரும் உணவும் மறுத்தது போன்றவை அதில் பதிவாகியிருக்கின்றன.

லாமாவின் மறுப்பை மதிப்பதைப் பற்றி மேலே சொன்னேன். அந்த விதி பிள்ளைக்கு இல்லையென்றால் அது வெறும் நாடகமாகிவிடும். மகளை ஒரு பகல் மட்டும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தொழுவத்தைச் சுத்தம் செய்து, தீனி வைத்துவிட்டுத் திரும்பட்டும். பிறகு அவளே முடிவு செய்யட்டும். எந்த நேரத்திலும் பெற்றோரிடம் தனியாகப் பேச வழி உண்டா என்று நடத்துபவரிடம் கேளுங்கள். தயங்கினால் அந்தக் குழு வேண்டாம்.

கோபத்தில் ஒரு பையன் லாமாவை உதைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

உடனே கயிற்றை வாங்கிக்கொண்டு லாமாவை அப்பால் கொண்டுபோவேன். அங்கேயே எல்லார் முன்னாலும் விசாரிக்க மாட்டேன். லாமாவுக்குக் காயம் உண்டா என்று பார்த்த பிறகு, இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க, அவனோடு உட்கார்ந்து பேசுவேன். அவனைக் குழுவிலிருந்து ஒதுக்குவதில்லை. ஆனால் அன்று லாமாவைத் தொடும் வேலை கிடையாது. தண்ணீர் சுமப்பது, தீனி நிறுப்பது போன்ற, விலங்குக்குப் பயன்படும், ஆனால் தொடத் தேவையில்லாத வேலைகள் அவனுக்கு உண்டு. திரும்பவும் கயிறு கைக்கு வருவது லாமா அவனை எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. அது ஒதுங்கினால் அவன் காத்திருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் நடந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தப் பயணம் ஏற்றதன்று என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

காட்டுக்குள் லாமா கடுமையாக அடிபட்டுவிட்டால் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வீர்களா?

சொல்வேன். கால் முறிந்து, வெளியே கொண்டுவர வழியில்லாத விலங்கைத் துன்பமின்றி இறக்கச் செய்ய வேண்டிய நிலை வரலாம். அந்த முடிவை யார் எடுப்பார், எப்படி நிறைவேற்றுவார் என்பதைப் புறப்படும் முன்பே கால்நடை மருத்துவரோடு பேசி எழுதிவைத்திருக்க வேண்டும். பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து அழைத்துப் போய்விட்டு, எளிய சொற்களில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓடிப்போய்விட்டது என்று பொய் சொன்னால் அவர்கள் இரவெல்லாம் அதைத் தேடுவார்கள்.

பிள்ளைகளின் மனச்சுமையை வாங்கிக்கொண்டு லாமாவுக்கே சலித்துப்போகாதா?

சலிக்கும். இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவரை எனக்குப் பிடிக்கும். காலையில் முகக்கயிற்றைப் பார்த்ததும் விலகிப் போவது, தொடும்போது தசை இறுகுவது, வழக்கத்தைவிட அதிகமாக முனகுவது, தீனியைக் குறைப்பது ஆகியவை அடையாளங்கள். சுமை தூக்குவது ஒரு வேலை, புதிய மனிதர்களின் கைகளைப் பொறுத்துக்கொள்வது இன்னொரு வேலை. ஒரே நாளில் இரண்டையும் முழு அளவில் ஒரே லாமாவிடம் கேட்கக் கூடாது. மாலையில் சேணம் இறக்கியதும் ஒரு மணி நேரமாவது யாரும் அருகில் போகாமல் விட வேண்டும். ஒரு பயணம் முடிந்து அடுத்ததற்கு முன் நடந்த நாள்களின் அளவுக்காவது ஓய்வு கொடுங்கள். அடுத்த குழுவின் பெயர்ப்பட்டியல் நிறைந்துவிட்டது என்பதற்காக அந்த ஓய்வைச் சுருக்காதீர்கள். லாமா குறைந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.